ஜல்லிக்கல்

என் தந்தை இரயில் பாதையில் ஜல்லி அள்ளும் கூலி. பள்ளி நாட்களில் அதைச் சொல்லக் கூசி, 'இரயில்வேயில் வேலை' என்று மழுப்புவேன்.

2023 டிசம்பர் 17. எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டியை அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். செய்துங்கநல்லூர் செல்லும் வழியில் வெள்ளம் ஜல்லியை வாரிச் சென்றது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டி சென்றிருந்தால்? ஏறத்தாழ 800 உயிர்கள்!

வண்டியின் பாரத்தைப் பரப்பித் தரைக்குக் கடத்துவது அந்தக் கூரிய கற்களே என்று இன்று இயற்பியல் எனக்குச் சொல்கிறது.

வெள்ளம் வடிந்ததும் அங்கே கல் சுமந்தவர்களுள் என் தந்தையும் ஒருவர். 2024 ஜனவரியில் வண்டி மீண்டும் ஓடியது.

இனிக் கேளுங்கள், நண்பர்களே! தலைநிமிர்ந்து சொல்வேன்: நான் ஜல்லி அள்ளுகிறவர் மகன்.