வெண்ணெய் உருண்டையும் ராவணன் மீசையும்

ரெண்டு, ரெண்டரை வயசுல வீட்டுல ஒரு வாண்டை வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா எங்கே கூட்டிட்டுப் போறதுன்னு முழிக்கிற மக்கள்ஸ் எல்லாம் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. இது உங்களுக்குத்தான்.

நம்ம வீட்டு வாண்டுக்கு ரெண்டேகால் வயசு. இருக்கிறது மூணாவது மாடி. அவளுக்குத் தெரிஞ்ச தரைன்னா அது டைல்ஸ் மட்டும்தான். புல்லுல இறக்கி விட்டா கொக்கு மாதிரி ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு நிப்பா. மணல்ல விட்டா ஊரே கூடுற மாதிரி ஒரு அலறல். சோறு உள்ளே இறங்கணும்னா செல்போன்ல பாட்டு ஓடணும். "வளர்ந்தா எல்லாம் சரியாயிடும்"னு அத்தை சொல்றாங்க. ஆகும்தான். ஆனா மழை பெஞ்சா சேத்துல குதிக்கத் தெரியாத புள்ளையைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலை. ஞாயித்துக்கிழமை காலையில வெளியே, வெயில் ஏறுறதுக்குள்ள வீடுன்னு ஒரு முடிவு எடுத்தோம்.

"கொழந்தைய வெயில்ல காட்டிக் கறுக்க வெச்சுடாதே"ன்னு அத்தை. நானே கறுப்பு, இதுக்கு மேல என்ன? :-)

செங்கல்பட்டுல இருக்கிறதுல ஒரு சௌகரியம். ஸ்டேஷனை ஒட்டியே கொளவாய் ஏரி. வேடந்தாங்கல், மாமல்லபுரம் எல்லாம் 2019ல காஞ்சிபுரத்துல இருந்து பிரிஞ்சு வந்த நம்ம மாவட்டத்துக்குள்ளேயே. முதல்ல போனது வேடந்தாங்கல், ஜனவரியில.

வேடந்தாங்கல் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர். வெள்ளைக்காரன் காலத்துல சிப்பாய்ங்க பறவையைச் சுட்டப்போ, ஊர் ஜனங்க செங்கல்பட்டு கலெக்டர்கிட்டப் போய் நின்னு, 1798லயே 'எங்க ஏரி, எங்க பறவை'ன்னு எழுதி வாங்கினவங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணிதான் வயலுக்கு உரம். அதனால தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்கிறதில்லை. இதெல்லாம் நான் சொல்லச் சொல்ல ரங்கமணி தலையாட்டினார். வாண்டு? கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன்னு மரம் மரமா உக்காந்திருக்கு, அம்மணி கரையில போற எறும்பு வரிசையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. பைனாகுலரைத் திருப்பிப் பிடிச்சு வாயில வெச்சுக்கிட்டா. ஒண்ணே ஒண்ணு, குஞ்சுங்க போடுற அந்தக் கசமுச சத்தம் மட்டும் காதுல விழுந்திருக்கு. ராத்திரி தொட்டில்ல படுத்துக்கிட்டு அதே மாதிரி சத்தம் போட்டா. நம்ம கண்ணுக்கு எட்டுறது வேற, மூணடி உசரத்துல இருக்கிறவங்களுக்கு எட்டுறது வேறன்னு அப்போதான் உறைச்சுது.

அந்த மூணடிக் கணக்குக்கு மாமல்லபுரத்தை அடிச்சுக்க ஆளில்லை.

அர்ச்சுனன் தபசுல மேலே தேவர்கள் பறக்கிறதை எல்லாம் விடுங்க. கீழே, பெரிய யானையோட கால்களுக்கு நடுவுல குட்டி யானைங்க நிக்குது பாருங்க, அங்கேதான் இவ நின்னுட்டா. பெரிய யானை பக்கத்திலேயே ஒரு பூனை ஒத்தக் கால்ல தவம் பண்ணுது, சுத்தி எலிங்க. வாண்டும் ஒத்தக் காலைத் தூக்கிட்டா. (அதான் ஏற்கெனவே பழக்கம் ஆச்சே.) பக்கத்து கிருஷ்ண மண்டபத்துல பால் கறக்கும்போது கன்னை நக்குற பசு. 7ம் நூற்றாண்டுச் சிற்பிக்கும் வீட்டுல ஒரு வாண்டு இருந்திருக்கணும், நான் சத்தியம் பண்றேன்.

அப்புறம் வெண்ணெய் உருண்டை. 250 டன் இருக்கும்ங்கிறாங்க. 1908ல கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானையைக் கட்டி இழுத்தும் அசையலைன்னு கதை. இவளுக்கு உருண்டை முக்கியமே இல்லை. அந்தப் பாறைச் சரிவுதான். எத்தனை தலைமுறைப் பசங்க சறுக்கி சறுக்கி வழுவழுன்னு ஆக்கி வெச்சிருக்காங்க! நாலு தடவை சறுக்கினதுல ஒரு ஜட்டி காலி. பதினஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. காலையில சீக்கிரம் போனா பாறையும் சுடாது.

இப்போ மணல் விஷயத்துக்கு வரேன். புலிக்குகைப் பக்கம், கூட்டமில்லாத கரை. வழக்கம் போல இடுப்பை விட்டு இறங்க மாட்டேன்னு அடம். கூட வந்த அத்தை, கீழே குனிஞ்சு எதையோ எடுத்தாங்க. உருண்டையா, சுத்தி முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு, காஞ்ச புல்லுப் பந்து. "ராவணன் மீசை"ன்னாங்க. அத்தை பிறந்தது கல்பாக்கம் பக்கம். சின்னதுல இதை ஓடவிட்டு அவங்க பந்தயம் வைப்பாங்களாம். இத்தனை வருஷத்துல எங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லை. இந்தப் புல்லும் அடப்பங்கொடியும்தான் கடற்கரை மணல் மேட்டைப் பறக்க விடாம பிடிச்சு வைக்குது. பந்து உடைஞ்சு காத்துல உருண்டு உருண்டு போற வழியெல்லாம் விதையைப் போட்டுக்கிட்டே போகும்.

அத்தை அதைக் காத்துல விட்டாங்க. அது முள்ளு நுனியில நின்னு, தத்தித் தத்தி, ஆளு மாதிரி ஓடுது. வாண்டு என் கையை உதறிட்டு இறங்கிப் பின்னாடியே ஓடினா. இருபது அடி போனப்புறம்தான் கால்ல மணல் இருக்கிறதே அவளுக்குத் தெரிஞ்சுது. நின்னா. குனிஞ்சு பார்த்தா. அழுவான்னு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பந்து மறுபடி நகர்ந்துச்சு, இவளும் ஓடிட்டா. (கையில குடுக்காதீங்க, முள்ளு குத்தும். துரத்த மட்டும்தான்.)

கடல் விஷயத்துல மட்டும் நான் கறார். இந்தக் கரையில இழுப்பு ஜாஸ்தி, பெரியவங்களையே வாரிக்கிட்டுப் போற கடல். ஈர மணல் வரைக்கும்தான், அதுவும் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு. ரெண்டு பேர் போனா ஒருத்தருக்கு கடலைப் பார்க்கிறது மட்டும்தான் வேலை. போட்டோ எடுக்கிற வேலை, செல் பார்க்கிற வேலை எதுவும் கிடையாது. அலை திரும்பும்போது காலுக்கடியில மண்ணு ஓடுமே, அதுக்கு அவ சிரிச்ச சிரிப்பை ரங்கமணி போட்டோ எடுக்கலையேன்னு புலம்பினார். புலம்பட்டும்.

வீட்டுக்கு வந்து இன்னும் செல்போன் இல்லாம சோறு இறங்கலை, அதையும் சொல்லிடறேன். ஆனா வாரம் ரெண்டு தடவை கீழே போய்ப் பக்கத்துல வீடு கட்டக் கொட்டின மணல்ல உருண்டுட்டு வரா.

அடுத்த ஞாயிறு சதுரங்கப்பட்டினம்னு அத்தையே சொல்லிட்டாங்க. அங்கே டச்சுக்காரன் கோட்டை இருக்கில்லே அத்தைன்னு நான் ஆரம்பிச்சேன்.

"அதை நீ பாரு. நாங்க ரெண்டு பேரும் நண்டு பிடிக்கப் போறோம்."