செங்கல் முகம் பூணும் சுவர்

டொராண்டோ மடல்

வட அமெரிக்க வீடுகளில் ஓர் அறையின் நான்கு சுவர்களுள் ஒன்றை மட்டும் நிறத்தாலோ பொருளாலோ வேறுபடுத்தி, உள்ளே வருவோர் பார்வை முதலில் அதன்மேல் விழுமாறு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்வாறு தனித்துத் தெரியும் சுவரை இங்குள்ளோர் 'ஆக்சென்ட் வால்' என்பர். அச்சுவருக்குச் செங்கல் தோற்றம் தர விரும்புவோருக்கென, அழுத்திய மரநாரால் ஆன பலகைகளில் செங்கல் வரிசைகளைப் புடைப்பாக அச்சிட்டு வீட்டுப்பொருள் கடைகளில் விற்கிறார்கள். நான்கடி அகலமும் எட்டடி உயரமும் ஏறத்தாழக் கால் அங்குலத் தடிமனும் கொண்ட இப்பலகையைக் கொத்தனார் கூலிக்குச் செலவிட இயலாத வீட்டுக்காரரே ஒரு வார இறுதியில் சுவரில் பதித்துவிடலாம். கட்டடக்கலையில் தேர்ச்சி பெற்றோர் பலர் இதனைப் போலி என்று ஒதுக்கினாலும், பழைய கட்டடங்களில் எஞ்சியிருக்கும் மெய்யான செங்கல் சுவர்களுக்குத் தீங்கு செய்யாமல் இந்த விருப்பத்தை நிறைவேற்றும் எளிய வழி இது என்பதால், இதனை மதித்து ஆராய்வதற்கு இடமுண்டு.

வீட்டுக்குள் செங்கல் தெரிய வேண்டும் என்னும் விருப்பம் மிகப் பழமையானதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் பூச்சு பூசாத செங்கல் சுவரைக் காண்போர், வீட்டுக்காரரிடம் பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்றுவிட்டது என்றே பெரும்பாலும் கருதுவர். மேலைநாட்டு நகரத்தாரும் நெடுங்காலம் அதே மனத்தோடுதான் உட்சுவர்களைக் காரையால் மூடினர். நியூயார்க் நகரின் சோஹோ பகுதியில் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்கு அவற்றின் மேல்தளங்களில் குடியேறினர். அவர்கள் அங்கு வாழ்வதற்கு நகர நிர்வாகம் 1971 இல் சட்ட இசைவு அளித்தது; 1973 இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அத்தொழிற்கூடங்களில் பூசப்படாமல் கிடந்த சுவர் அடுத்த சில ஆண்டுகளிலேயே செல்வர் விரும்பும் அழகாக மாறிய வரலாற்றைச் சமூகவியலாளர் ஷாரன் சூகின் 1982 இல் வெளிவந்த 'லாஃப்ட் லிவிங்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். டொராண்டோவில், 1832 இல் தொடங்கி 1990 வரை இயங்கிய குடர்ஹாம் அண்டு வோர்ட்ஸ் மதுவடிப்பு ஆலையின் செங்கல் கட்டடங்கள் 2003 இல் கடைகளும் கலைக்கூடங்களும் நிறைந்த வட்டாரமாகத் திறக்கப்பட்ட பின்னர், அந்தச் சுவர்களைப் பார்த்துத் திரும்புவோர் தம் வீட்டிலும் அவ்வாறே ஒன்று வேண்டும் என்று விழைவதில் வியப்பில்லை.

பழைய வீடு வாய்த்தவர்கள் இவ்விழைவால் செய்யும் செயல் மிகவும் வருந்தத்தக்கது. உட்சுவரின் காரையை உடைத்துக் கொட்டிவிட்டு, அழுத்தக் காற்றோடு மணலைப் பாய்ச்சிச் செங்கலைத் துலக்குகிறார்கள். பழங்காலச் சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்த கல் நன்றாக வெந்து கெட்டிப்படும். தொலைவில் இருந்தது வெளிறிய நிறத்தோடு அரைவேக்காடாகவே நின்றுவிடும். கொத்தனார் நன்கு வெந்த கல்லை மழையும் பனியும் தாக்கும் வெளிமுகத்தில் வைத்து, அரைவேக்காட்டுக் கல்லைக் காரைக்குள் மறையும் உட்புறத்தில் வைத்தார். மணல் பாய்ச்சும்போது, சூட்டினால் மேற்பரப்பில் உண்டான கெட்டித் தோல் உரிந்துபோவதால், அந்த மென்கல் நாள்தோறும் செந்தூள் உதிர்க்கத் தொடங்குகிறது. இடையிலுள்ள சுண்ணாம்புக் காரையும் அரிக்கப்படுகிறது. வரலாற்றுக் கட்டடங்களை இவ்வாறு தேய்த்துத் துலக்குவதால் விளையும் கேட்டினை அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறை 1979 ஆம் ஆண்டிலேயே தனி வெளியீடு ஒன்றில் எச்சரித்தது. காட்சிக்கென்று ஒருபோதும் கட்டப்படாத சுவரை உரித்துக் காட்டி அதனை மெய்ம்மை என்று பெயரிடுவதைவிட, புதிய சுவரின்மேல் அச்சுப் பலகை ஒன்றைப் பதிப்பது நேர்மைக்குச் சற்றும் குறைந்ததாகாது.

கட்டுமானப் பொருள் வேறாகவும் தோற்றம் வேறாகவும் இருத்தல் பொய் என்று ஜான் ரஸ்கின் 1849 இல் வெளியிட்ட 'தி செவன் லாம்ப்ஸ் ஆஃப் ஆர்க்கிடெக்சர்' நூலில் கடுமையாக வாதிட்டார். ஆயினும் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே தென்கிழக்கு இங்கிலாந்தின் மரவீடுகளில், பதித்தபின் செங்கல்லாகவே தோன்றும்படி வார்த்த சுட்ட ஓடுகளைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. இன்றைய டொராண்டோவின் புறநகர் வீட்டிலும் வெளியில் தெரியும் செங்கல், கூரையின் பாரத்தைத் தாங்குவதில்லை. உள்ளே நிற்கும் மரச்சட்டங்களே பாரம் சுமக்க, செங்கல் சிறு காற்றிடைவெளி விட்டு, உலோகப் பட்டைகளால் கட்டப்பட்டுத் தன் எடையை மட்டும் தாங்கி நிற்கிறது. வெளிச்சுவரே போர்வையாக இருக்கும்போது உட்சுவரை மட்டும் போலி என்று குற்றம் சாட்டுவது பொருந்தாது.

பதிக்கும் முறைக்கு வருவோம். இங்குள்ள உட்சுவர், இரு தாள்களுக்கு நடுவே ஜிப்சம் அடைத்த டிரைவால் என்னும் பலகையால் ஆனது. அதன் பின்னே பொதுவாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் நிற்கும். தரையோரம் ஓடும் அடிப்பட்டையைக் கழற்றி, சட்டங்களின் இடத்தைக் கருவியால் கண்டு சுவரில் குறித்துக்கொண்ட பின்னரே பலகையை நிறுத்த வேண்டும். மரநார் ஈரத்தை உறிஞ்சி விரியும் இயல்புடையதாகையால், பலகைகளை இரண்டு நாள் அதே அறையில் வைத்திருந்து, பதிக்கும்போது மூட்டுகளில் மயிரிழை அளவு இடைவெளி விடுவது நல்லது. பழைய வீட்டுத் தரை பெரும்பாலும் சரிமட்டமாக இராது. எனவே தரையை நம்பாமல் ரசமட்டத்தை வைத்து முதல் பலகையை நேர்செய்ய வேண்டும். அதில் கோணல் நேர்ந்தால் செங்கல் வரிசை முழுதும் சரிந்துகொண்டே போகும்.

இருபலகை சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்கோடே பார்ப்பவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. அக்கோட்டில் பட்டி பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், செங்கற்களுக்கு இடைப்பட்ட எல்லாப் பள்ளங்களிலும் பட்டியை மெல்லியதாக இழுத்து, உலரும் முன் ஈரப்பஞ்சால் துடைத்தால் மூட்டு மறைவதோடு, அச்சின் மினுக்கமும் அடங்குகிறது. காய்ந்தபின் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் கட்டாயம் வேண்டும். ஒரே அச்சில் வந்த பலகைகளாதலின், மூலை உடைந்த அதே கல் நான்கடிக்கு ஒருமுறை அதே உயரத்தில் தோன்றும். சில கற்களுக்கு மட்டும் வெவ்வேறு செந்நிறச் சாயலைப் பூசி இதனைக் களையலாம்.

பழைய ஆலைச் சுவரின் இலக்கணம் அறிந்தவர் மற்றொன்றும் செய்யலாம். கல்லின் நீளப்பக்கம் மட்டுமே தெரியுமாறு அடுக்குவது ஒற்றைக்கல் போர்வைக்கு உரிய முறை. பாரம் சுமக்கும் தடித்த சுவரிலோ, முன்வரிசையையும் பின்வரிசையையும் பிணைப்பதற்காக ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை கற்களைக் குறுக்கே வைத்து அவற்றின் தலைமுகம் தெரியக் கட்டினர். கடைப்பலகைகளில் இந்தக் குறுக்கு வரிசை பெரும்பாலும் இருப்பதில்லை. வட அமெரிக்காவில் பரவலான ஓர் அளவுக் கல்லின் நீளப்பக்கம் 7 5/8 அங்குலம், தலைமுகம் 3 5/8 அங்குலம், இடையில் வரும் கலவை 3/8 அங்குலம். எனவே இரண்டு தலைமுகங்களும் ஒரு கலவைக்கோடும் சேர்ந்தால் ஒரு நீளப்பக்கத்தின் அளவு துல்லியமாக வந்துவிடும். ஆறாவது வரிசையின் ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் பட்டியால் ஒரு கோடு இட்டால், குறுக்கு வரிசை பிறந்துவிடுகிறது. இதனைச் செய்து முடித்தவர் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கொத்தனாரின் கணக்கைத் தம் கையாலேயே கற்றவராகிறார்.

வாசலுக்கு மேல் செங்கல் தானாகத் தொங்காது. அதைத் தாங்க வளைவோ உத்தரமோ வேண்டும். ஆதலால் கதவு உள்ள சுவரைத் தவிர்ப்பது அறிவுடைமை. தவிர்க்க இயலாவிடில் வாசல் மேல் ஒரு தடித்த மரத்துண்டைப் பொருத்தலாம். வெளிமூலையில் பலகையின் மெல்லிய விளிம்பு தெரிந்துவிடும் என்பதால், இரு பக்கமும் வேறு சுவர்கள் முட்டும் உட்சுவரே இதற்கு ஏற்றது. மரநார் தீப்பற்றும் பொருளாகையால் கணப்படுப்பின் அருகில் இதற்கு இடமில்லை. அங்கே மெய்ச்செங்கல்லை அரை அங்குலத் தடிமனில் சீவிய மெல்லிய வில்லைகளைச் சிமென்ட் கலவையில் பதிப்பதே தகும். மின்செருகுவாய் உள்ள இடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவர் தடித்த அளவுக்கு அதன் பெட்டியின் வாயை நீட்டும் வளையத்தைப் பொருத்தாமல் மூடுதல் கூடாது.

பசை தடவி ஒட்டினால் பலகை அசையாமல் நிற்கும். ஆனால் பின்னொரு நாள் பெயர்க்கும்போது டிரைவாலின் தாளையும் அது உரித்துக்கொண்டு வரும். வீட்டுக்காரரின் இசைவு பெற்ற வாடகைக் குடியினரும், சில ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட எண்ணுவோரும் பசையைத் தவிர்த்து, தலை சிறுத்த ஆணிகளைக் கலவைப் பள்ளங்களின் வழியே மரச்சட்டங்களில் அறைந்துவிட்டால் போதும். கழற்றிய பிறகு அந்தச் சிறு துளைகளைப் பட்டியால் அடைத்து வண்ணம் பூசிவிடலாம்.