நகர்வது படகா, பினாங்கா?

பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் இறங்கினால் பெர்ரி துறை நடை தூரம்தான். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகும், படகில்தான் தீவுக்குப் போவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தச் சுமார் 3 கிலோமீட்டர் பயணம் நல்லதோர் இயற்பியல் வகுப்பு.

படகு புறப்படும்போது வெளியே பாருங்கள். முதல் சில நொடிகள் துறையின் தூண்கள்தான் பின்னால் போவதுபோல் தோன்றும். கண் ஏமாறவில்லை. எதனோடு ஒப்பிடுகிறோம் என்று சொன்னால்தான் வேகத்துக்குப் பொருள் உண்டு. படகு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே உங்கள் மகள் முன்பக்கமாக மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறாள். உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அவள் வேகம் 4. கரையில் தூண்டில் போடுகிறவருக்கு 24. அவள் பின்பக்கமாக நடந்து வந்தால் உங்களுக்கு அதே 4, அவருக்கோ 16. இருவர் கணக்கும் சரிதான்.

கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. நீரிணையில் அலையேற்றமும் வற்றமும் நீரைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால், 9 நிமிடப் பயணத்தில் படகு 450 மீட்டர் விலகிப் போய்விடும். அதனால் படகின் முனையை நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பிச் செலுத்த வேண்டும். கரையிலிருந்து பார்த்தால், படகு ஒரு பக்கம் பார்த்தபடி துறைக்கு நேராக வரும்.

2023 முதல் ஓடும் புதிய படகுகள் கேட்டமரான் வகை. நம் ‘கட்டுமரம்’ ஆங்கிலம் போய்த் திரும்பி வந்த பெயர் அது. இருக்கையில் அமர்ந்து சாவிக்கொத்தை மேலே போட்டுப் பிடியுங்கள். வீட்டில் விழுவதுபோலவே கைக்குள் விழும். படகு வளைந்தாலோ வேகம் மாறினாலோதான் உடலுக்கு உறைக்கும்.

இதைத்தான் 1632இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ எழுதினார். கப்பலின் மூடிய அறையில் பறக்கும் பட்டாம்பூச்சியும் சொட்டும் நீரும், கப்பல் சீராகப் போகும்வரை, அது நிற்கும்போது இருந்தபடியே இருக்கும் என்றார். பூமி சுழன்றால் நமக்குத் தெரியாதா என்று கேட்டவர்களுக்கு அது பதில். அந்த நூலுக்காக மறு ஆண்டே சமய நீதிமன்றம் அவரை விசாரித்துக் காவலில் வைத்தது.

ஜோர்ஜ்டவுனில் இறங்கி லிட்டில் இந்தியா பக்கம் நடக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அசையாமல் கிடக்கும் இந்தத் தெருவும், பூமியின் சுழற்சியால், மணிக்குச் சுமார் 1,660 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது.