பரணங்கானம் யாத்திரை

மும்பை காட்கோபர் கிழக்கில், மழைக்காலம் வந்தால் சாக்கடையும் சாலையும் ஒன்றாகிவிடும் ஒரு சந்தின் சால் வீட்டில், என் தாயார் நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்தபோது, பக்கத்து அறையில் குடியிருந்த மலையாள நர்ஸ் சேச்சி, இரவு டியூட்டி முடிந்து வந்த களைப்போடும் ஒரு நடை எட்டிப்பார்த்து, "பரணங்கானத்து அல்போன்சாம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அம்மா" என்று ஆறுதல் கூறிப் போவாள். தாயார் காலமான பிறகு, அந்தப் புனிதை வாழ்ந்து மறைந்த ஸ்தலத்தை ஒருமுறை தரிசிக்கவேண்டும் என்ற அவா என் உள்ளத்தில் வேரூன்றிற்று.

வீட்டிலிருந்து ஆட்டோ ஏறினால் லோகமான்ய திலகர் முனையம் அதிக தூரமில்லை. அங்கே நேத்திராவதி எக்ஸ்பிரஸில் அமர்ந்து, இரத்தினகிரிச் சுரங்கங்களையும் கொங்கணத்து ஆறுகளையும் கடந்து, மறுநாள் எர்ணாகுளத்தில் இறங்கிப் பஸ் பிடித்தேன். பாலா நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், ரப்பர் தோட்டங்களின் நிழலில், மீனச்சிலாற்றின் கரையில் இருக்கிறது பரணங்கானம்.

கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் 1910 ஆகஸ்டு 19-ஆம் தேதி பிறந்த அன்னக்குட்டி, கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்து, பெரியம்மாவின் கண்டிப்பான பராமரிப்பில் வளர்ந்தார். கன்னியர் மடமே தமக்குக் கதி என்று சிறுவயதிலேயே நிச்சயித்துக்கொண்ட அவர், விவாகப் பேச்சு மும்முரமானபோது, 1923-இல், உமி கனன்றுகொண்டிருந்த குழியில் கால் வைத்துத் தம் பாதங்களைச் சுட்டுக்கொண்டார் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. 1927-இல் பரணங்கானத்துக் கிளாரிஸ்ட் மடத்தில் சேர்ந்து, அல்போன்சா என்ற பெயரை ஏற்று, 1936-இல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். வாகக்காட்டுப் பள்ளியில் சிறிது காலம் பாடம் நடத்தியதைத் தவிர, உலகம் காரியம் என்று கணக்கில் எழுதக்கூடிய எதையும் அவர் செய்யவில்லை. செய்ய உடல் இடங்கொடுக்கவில்லை. இரத்தப்போக்கு, 1939-இல் நிமோனியா, 1940 அக்டோபரில் நள்ளிரவில் அறைக்குள் புகுந்த திருடனைக் கண்ட அதிர்ச்சியால் நினைவிழப்பு என்று வியாதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. 1946 ஜூலை 28-இல், முப்பத்தைந்தாம் வயதில், அவர் உயிர் பிரிந்தது.

இத்தகைய ஒரு வாழ்க்கையை முதலில் புனிதமென்று கண்டுகொண்டவர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! ஆசையாய்த் தேடி வந்து தங்கள் சின்னஞ்சிறு வருத்தங்களைச் சொன்ன அவர்களை, தமது வேதனையின் நடுவிலும் அவர் முகமலர்ச்சியோடு வரவேற்றார். அவர் மறைந்த பின் கல்லறைக்கு முதலில் மெழுகுதிரி ஏற்றியவர்களும் அவர்களே. 1986 பிப்ரவரியில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் கோட்டயத்துக்கே வந்து அவருக்கு அருளாளர் பட்டமளித்ததும், 2008 அக்டோபர் 12-இல் பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்ததும் பின்னால் நிகழ்ந்தவை.

கல்லறைச் சிற்றாலயத்தில் நான் நின்றபோது, ஓர் இளந்தாய் தன் குழந்தையின் பிஞ்சுப் பாதங்களைக் கல்லறைமேல் மெல்ல வைத்து, உதடுகள் மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். வளைந்த பாதத்தோடு பிறந்த ஒரு சிசுவின் கால் நேரானதே புனிதர் பட்டத்துக்குரிய அற்புதமாகத் திருச்சபையால் ஏற்கப்பட்டது என்பதை எண்ணி, தம் பாதங்களையே நெருப்புக்குக் கொடுத்தவரிடம் இத்தாய் வந்திருக்கும் பொருத்தத்தை வியந்தேன்.

இரத்தப் புற்றுநோயால் 2006-இல் பதினைந்து வயதில் மறைந்து, 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட இத்தாலியச் சிறுவன் கார்லோ அகூட்டிஸின் கதையும் அல்போன்சாம்மாவின் வாழ்க்கை காட்டும் உண்மையையே சொல்கிறது: தினசரி ஜெபமும் கடமையும் பழகிய உள்ளம், நோய் வந்தபோதும் அதே பழக்கத்தைக் கைவிடுவதில்லை.

நோயாளி என்றால் பிறரிடம் பெற்றுக்கொள்பவர் என்றே நாம் எண்ணுகிறோம். கஞ்சியும் மருந்தும் நாம் கொடுக்க, அவர் வாங்கிக்கொள்கிறார் என்பதே நம் கணக்கு. என் தாயாரோ, எழுந்து உட்கார முடியாத நிலையிலும், சந்துக் குழந்தைகளைத் தலைமாட்டில் அமர்த்தித் தமிழ் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். எங்கள் சந்தில் இன்று தமிழ் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் சிலருக்கு அந்தக் கட்டில்தான் பள்ளிக்கூடம். நம் வீடுகளில் படுத்திருப்பவர்கள் தங்கள் பொறுமையாலும் பிரார்த்தனையாலும் நமக்கு அளிப்பதை நாம் வணங்கிப் பெறவேண்டும். அவர்களுக்குச் செய்யும் பணிவிடையைத் தயவென்று கருதாமல், பட்ட கடனைத் தீர்ப்பதாகவே கருதவேண்டும்.