புத்தூர்க் கட்டும் சித்தி பையனும்

எங்க சித்தி ஊர் புத்தூர். திருப்பதி போற வழியில இருக்கே, அதேதான். கை கால் ஒடிஞ்சா பச்சிலை அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டி அனுப்புவாங்க. மெட்ராஸ்லேர்ந்தெல்லாம் வேன் வச்சுக்கிட்டு வருவாங்க. (எலும்பு டாக்டருங்க திட்டுவாங்க, அது தனிக் கதை.)

அந்த ஊர்லதான் சித்தி பையனுக்கு எங்க ஒடிஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாமப் போச்சு.

வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, அப்புறம் இங்கிலீஷ். வாயால கேட்டா டாண்ணு பதில் சொல்லுவான். மாங்காய் மண்டிக் கணக்கை மனசுலயே போடுவான். பேனாவைக் குடுத்தா போச்சு. எழுத்து இடம் மாறும், படிக்கும்போது வரி தாவும். சோம்பேறின்னு அடி விழுந்துச்சு. லீவுக்குப் போன நானும் ரெண்டு தடவை தலையில குட்டியிருக்கேன், பி.காம். படிக்கிற திமிர். எட்டாவதோட நின்னுட்டான்.

டிஸ்லெக்ஸியாங்கற வார்த்தை எனக்கு உறைச்சது 2007ல 'தாரே ஜமீன் பர்' பார்த்தப்பதான். இடைவேளைல வெளிய போய் நின்னேன்.

1995 ஊனமுற்றோர் சட்டத்துல இந்தக் குறைபாடே கிடையாது. 2016 சட்டம் வந்து, 7 வகை 21 ஆனப்பதான் கற்றல் குறைபாட்டுக்கு இடம் கிடைச்சுது. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1990கள் தொடக்கத்துல, சென்னையில சில பெற்றோர்கள் சேர்ந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களோட அனன்யா மையத்துல ஒண்ணு ரெண்டு வருஷம் தனியா சொல்லிக்குடுத்து, பிள்ளைகளைத் திரும்ப வழக்கமான பள்ளிக்கே அனுப்பிடுவாங்க. டீச்சர்களுக்கும் பயிற்சி குடுக்கறாங்க. இது மருந்து கொடுத்து மாத்தற சமாச்சாரம் இல்லை. சத்தத்தையும் எழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமா, தினமும், பொறுமையா சேர்த்து வைக்கற வேலை. பொறுமைக்குத்தான் ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும்.

வருஷா வருஷம் இங்கேர்ந்து புத்தூர் பள்ளிக்கூடத்துக்கு நோட்டும் பையும் வாங்க பணம் அனுப்பிக்கிட்டிருந்தேன். ரசீது வரும், பிள்ளைங்க வரிசையா நிக்கற போட்டோ வரும். பேங்க்காரனுக்கு அது போதும், கணக்கு டேலி ஆயிடும். ஒரு டீச்சர் ஒரு குழந்தையோட தினம் ஒரு மணி நேரம் உட்கார்றதுக்கு எவனும் போட்டோ அனுப்ப மாட்டான்.

போன மாசம் தம்பி போன் பண்ணினான். மூணாவது படிக்கிற அவன் பொண்ணுக்கும் எழுத்து இடம் மாறுதாம். இது பரம்பரையாவும் வரும்.

"அண்ணா, இந்த வருஷம் நோட்டு வேண்டாம். சென்னையில டெஸ்ட்டுக்கு ஏற்பாடு பண்ணு. அப்படியே இங்க ஒரு டீச்சரம்மாவைப் பயிற்சிக்கு அனுப்பலாமா? இவ ஒருத்தி மட்டும் இல்லண்ணா, வகுப்புல இன்னும் மூணு நாலு பசங்க என்னை மாதிரியே முழிக்கறாங்க."

அனுப்பறேன்னேன். டெஸ்ட்டுக்கான ஃபாரத்தை அவன் போன்ல சொல்லச் சொல்ல நானே எழுதினேன். முடிச்சதும் கேட்டான், "பெரியவங்களுக்கும் இந்த டெஸ்ட் உண்டாண்ணா?"

"உண்டுடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பாப்பாவுக்கு முதல்ல பாக்கலாம்"னான்.