தடுப்புச்சுவரின் நீளம் 119 கிலோமீட்டர்

இலங்கையின் அவிசாவளையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே புறப்படும் ஏ-7 வீதி, சுமார் 119 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி நுவரெலியாவில் போய் நிற்கிறது. கீழே வியர்வை, மேலே கம்பளி. மேலே போய்ச் சேர்ந்த பயணிகள் 'சின்ன இங்கிலாந்து' என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்து என்றால் ஊருக்கு ஒரு பப் இருக்க வேண்டுமே, அது எங்கே?

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். யாரும் உள்ளே வந்து உட்காரலாம் என்று உரிமம் பெற்ற வீடு. கணப்பு, தாழ்ந்த கூரை, புகையேறிய உத்தரம் எல்லாம் வீட்டின் அடையாளங்கள். ஆனால் விக்டோரியா காலத்துப் பப்புக்குள் நுழைந்தால் 'யாரும்' என்ற சொல் கொஞ்சம் சுருங்கிவிடும். கூலிக்காரர்களுக்கு வெறும் பலகைத் தரை போட்ட 'பப்ளிக் பார்'. கனவான்களுக்குக் கம்பளம் விரித்த 'சலூன் பார்', அங்கே விலையும் சற்றுக் கூட. சில இடங்களில் முகம் தெரியாதிருக்கக் கண்மட்டத்தில் சுழலும் கண்ணாடித் தடுப்புகள்கூட உண்டு. ஒரே கூரை, ஒரே பீப்பாய், நடுவே ஒரு தடுப்புச்சுவர், இரண்டு கதவு.

மலைநாட்டில் அந்தக் கூரையே இரண்டாகிப்போனது.

வீதியின் முதல் பாதியில் குடிக்கும் இடம் என்றால் ரெஸ்ட் ஹவுஸ்தான். சுற்றுப்பயணம் போகும் அதிகாரிகள் தங்குவதற்கு வந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் குதிரை வண்டிகள் நின்று போன பழைய சத்திரங்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். களனி கங்கைக் கரையில் கித்துல்கல வருகிறது. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தின் பாலம் இங்கேதான் வெடித்தது. கினிகத்தேன தாண்டினால் மழை. வட்டவளையில் தேயிலை.

ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது. கோப்பி இலைநோயில் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். மலைக்கு ஒன்றாய்த் தனித்து நின்ற பங்களாக்களில், பேச்சுத்துணை இல்லாமல் கிடந்த வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கிளப்தான் ஊர். டிக்கோயாப் பக்கம் திரும்பினால் தரவளையில் அப்படி ஒரு கிளப்: கிரிக்கெட், ரக்பி, பிறகு பார். கையில் காசு புழங்காது. சிட்டில் கையெழுத்து, மாதக் கடைசியில் கணக்கு. பப்பில் இருந்த எல்லாமும் இங்கே இருந்தன, 'பப்ளிக்' தவிர.

அந்த 'பப்ளிக்' தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பம். தகரக் கூரையில் மழை. கொழுந்து நிறுத்துப் பேர் போட்டு முடிந்தபின் ஆண்கள் போக ஓர் இடம் இருந்தது, தவறணை. போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொல் அது. ஆங்கிலத்தின் 'டாவர்ன்' அதற்குச் சொந்தச் சகோதரம். இரண்டுக்கும் லத்தீனில் ஒரே தாய். துரையின் மொழியும் தொழிலாளியின் மொழியும் ஒரே சொல்லைப் பங்குபோட்டிருந்ததை இரு தரப்பும் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தவறணைக்குப் பப்பின் கணப்பும் இல்லை, வாசலில் தொங்கும் ஓவியப் பலகையும் இல்லை. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. எடுத்தவர் விற்றார், கருவூலம் நிறைந்தது. 1912இன் மதுவரிச் சட்டம் வந்தபோது அதற்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளம்பியது.

டெவன், சென் கிளேயர் அருவிகளைத் தாண்டித் தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. மிச்சம் சில கிலோமீட்டர்.

நுவரெலியாவை ஆங்கிலக் கிராமமாக்கும் ஆசையோடு 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஆட்களையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். கிராமத்தின் தோற்றம் பிறகு வந்தது: 1894இல் கட்டிய செங்கல் தபாலகம், கறுப்பு மரச்சட்டங்கள் ஓடும் முகப்போடு கிராண்ட் ஹோட்டல். 1876இல் கோப்பித் துரைமார் தொடங்கிய ஹில் கிளப்பின் இப்போதைய கருங்கல் கட்டடம் 1930களின் டியூடர் பாணி. உண்மையான டியூடர் வீட்டில் ஓக் மரச்சட்டம்தான் பாரம் தாங்கும்; பிற்கால வீட்டில் அது சுவரில் ஒட்டிய அலங்காரம். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பியர்க் கம்பனிகளும் நெடுஞ்சாலைப் பப்புகளை இதே போலி டியூடரில் கட்டித் தள்ளின. ஆக, நுவரெலியா காப்பியடித்தது பழைய இங்கிலாந்தை அல்ல. பழசாக வேஷம் போட்ட புது இங்கிலாந்தை.

ஹில் கிளப்பின் உள்ளே மான் தலைகள், பில்லியர்ட்ஸ் மேசை, ஆண்களுக்கு மட்டுமான ஒரு பார். 1948இல் சுதந்திரம் வந்த பிறகும் இலங்கையருக்கு அந்தக் கதவு திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. இன்று ஒருநாள் உறுப்பினர் கட்டணம் கட்டினால் எவரும் போகலாம். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும். இல்லாதவருக்குக் கிளப்பே இரவல் தரும்.

பப் அங்கே இல்லை. 1881இல் தொடங்கிய சிலோன் புரூவரி, லவர்ஸ் லீப் அருவிப் பக்கத்தில் பியர் வடித்தது. அதன் கறுப்பு பியரான லயன் ஸ்டவுட்டைத் தேடி வந்து உலகுக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, பியரைப் பற்றியே எழுதிப் பேர் வாங்கிய ஆங்கிலேயர். பாஸ்டரைஸ் செய்யாத ஸ்டவுட்டைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றும் அசல் ஆங்கிலப் பப் வழக்கத்தை அவர் கண்டது ஹில் கிளப்பில் அல்ல, நுவரெலியாவின் 'பியர் ஷொப்'பில். அங்கே டை யாரும் கேட்கவில்லை.

1990களின் இறுதியில் அந்த வடிசாலை கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போய்விட்டது. இப்போது ஸ்டவுட் போத்தலில் அடைபட்டு லொறியில் மலையேறி வருகிறது.