முனகும் பம்பு

காரின் வாட்டர் பம்பு பெரும்பாலும் ஒரே நாளில் பழுதாவதில்லை. முதலில் சீல் தேய்ந்து கூலன்ட் சொட்டும். பின்பு பேரிங் முனகும். சமவெளியில் அமைதியாய் ஓடிய வண்டி மலைப்பாதையில் கொதிக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகையில் என் வண்டியின் வெப்பமானி முள் சிவப்பை நெருங்கியது. ஹீட்டரைப் போட்டு வெப்பத்தைச் சற்றுத் தணித்து, நிழலில் நிறுத்தினேன். (கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதிருங்கள்!)

காத்திருந்த வேளையில் எலியாவை நினைத்தேன். கர்மேலில் வெற்றிகண்டவர் சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டினார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்க விட்டான். நமது சபைகளிலோ, களைத்த ஊழியரிடம் அடுத்த கூட்டத்துக்குத் தேதி கேட்கிறோம். உங்கள் போதகரின் குரலில் அந்த முனகல் கேட்கிறதா?